கண் மேக்கப்பைக் கலைக்க எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் 18 வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கும் அரங்கேற்றம் செய்யும் பிள்ளைகளுக்கும் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போடுவது எப்படி என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை, அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. கலைப்பது எப்படி என்றுதான் ராத்திரி 11 மணிக்குப் போன் வரும், "அக்கா, கண்ணு எரியுதுக்கா" என்று. அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முகம் கழுவ ஃபேஸ்வாஷ் இருக்கிறதே, கண்ணுக்குத் தனியாக ஒன்று எதற்கு?

இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கன்னத்தைத் தேய்க்கிற மாதிரி அதைத் தேய்த்தால் சிவக்கும், வீங்கும். அதோடு நாம் கண்ணில் பூசுகிற பொருளே வேறு. வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, ஜெல் லைனர், 'நாள் முழுக்க நிற்கும்' காஜல் எல்லாம் மெழுகு, சிலிக்கோன், படலமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலிமர் என்று சேர்த்துச் செய்தவை. தாலி கட்டும்போது அழுதாலும் கரையக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. கண்ணீருக்கே அசையாதது குழாய்த் தண்ணீருக்கு அசையுமா? மெழுகும் எண்ணெயும் சேர்ந்த பிசுக்கை எண்ணெய்தான் இளக்கும். ஃபேஸ்வாஷ் நுரை கண்ணுக்குள் இறங்கி எரிய வைக்கும். மை பாதி போகும், மீதி கன்னத்தில் வழியும்.

நம் ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். அல்சூரில் எங்கள் தெருவுக்குக் காவிரி வருகிறது, பரவாயில்லை. சர்ஜாபூர், வைட்ஃபீல்டு பக்கம் டேங்கரையும் போர்வெல்லையும் நம்பி இருக்கிற அபார்ட்மெண்டுகளில் பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கால்சியமும் மெக்னீசியமும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டுவது இங்கே சகஜம். அதில் சோப்பு நுரைக்காது, திரிந்து பிசுபிசுவென்று தோலில் உட்காரும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கருக்கு அலைந்ததே, அந்த மாதங்களில் இமை வறண்டு செதில் செதிலாக உரிகிறது என்று என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

கடையில் நாலைந்து வகை இருக்கிறது. எது எதற்கு?

நீங்கள் போட்டதைப் பொறுத்துத்தான் கலைப்பதும். ஆபீசுக்கு ஒரு கோடு காஜல், லேசாக ஐஷேடோ, அவ்வளவுதான் என்றால் மைசெல்லர் வாட்டர் போதும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். உள்ளே மிக மென்மையான சோப்பு மூலக்கூறுகள் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சேர்ந்து மிதக்கின்றன. அந்த உருண்டைகளின் உள்பக்கம் எண்ணெயை இழுக்கும், வெளிப்பக்கம் தண்ணீரோடு சேரும். பஞ்சை நனைத்து வைத்தால் அழுக்கு அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவிடம் இது திணறும். அங்கே மைசெல்லரை வைத்துக்கொண்டு பத்துப் பஞ்சு தேய்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வாட்டர்ப்ரூஃபுக்கு பை-ஃபேஸ் வாங்குங்கள். பாட்டிலுக்குள் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்குமே, அது. மேலே லேசான எண்ணெய் அல்லது சிலிக்கோன், கீழே தண்ணீர். நன்றாகக் குலுக்கி, பிரிவதற்குள் பஞ்சில் ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் ஒரு நாள் வெறும் எண்ணெய் வரும், மறுநாள் வெறும் தண்ணீர் வரும். "பாட்டில் கெட்டுப்போச்சுக்கா, பிரிஞ்சிடுச்சு" என்று ஒரு பெண் அதைத் தூக்கியே எறிந்துவிட்டாள்!

கிளென்சிங் ஆயில், பாம் இரண்டும் ஏறக்குறைய ஒரே இனம். ஒன்று திரவம், ஒன்று நெய் மாதிரி உறைந்தது. காய்ந்த கையில் எடுத்து, காய்ந்த முகத்தில் தடவ வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டால் பால் மாதிரி வெளுத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணோடு முகம் முழுக்க கனமான மேக்கப் இருந்தால் இதுதான் வசதி. வறண்ட தோலுக்கு கிளென்சிங் மில்க் ஆகும், ஆனால் மஸ்காராவிடம் அதற்கு வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ட்யூபிங்' என்று ஒரு வகை மஸ்காரா வருகிறது. ஒவ்வொரு முடியையும் உறை மாதிரிச் சுற்றிக்கொள்ளும். அதற்கு எண்ணெயே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்தால் குட்டிக் குட்டிக் குழாய்களாகக் கழன்று வரும். கண் எளிதில் எரிகிறவர்களுக்கு ரிமூவரை மாற்றுவதைவிட மஸ்காராவை மாற்றச் சொல்வேன்.

ரிசப்ஷன் ராத்திரி, முகூர்த்தம் விடியற்காலை. நடுவில் கண்ணை எப்படிக் காப்பாற்றுவது?

இந்தக் கேள்விக்கு என் சொந்தத் தவறைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். பெண்ணின் அப்பா வீடு வேலூர், மாப்பிள்ளை இங்கேயே. ரிசப்ஷன் முடிந்து கடைசி போட்டோ எடுக்கும்போது ராத்திரி 11.30. முகூர்த்தம் காலை 6 மணிக்கு, அதனால் 3.30 மணிக்கே பெண் மேக்கப்புக்கு உட்கார வேண்டும். ஒட்டிய இமைமுடி, இரண்டு கோட்டிங் வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, கண் ஓரத்தில் மினுக்குப் பொடி. எனக்கும் தூக்கம், அவளுக்கும் தூக்கம். கையில் இருந்த வைப்ஸை எடுத்துப் பரபரவென்று தேய்த்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் இடது இமை இட்லி மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் வைத்து, இருட்டான ஷேடோ போட்டு எப்படியோ சமாளித்தேன். ஆல்பத்தில் அவள் கண் இரண்டும் ஒரே அளவில் இல்லை. அந்தப் பெண் இன்றுவரை என்னைத் திட்டியதில்லை, அதுதான் எனக்குச் சங்கடம்.

அன்றைக்கு அப்புறம் கற்றுக்கொண்டது இது. புளியை ஊறவைக்காமல் கரைத்தால் கைதான் வலிக்கும், சாறு இறங்காது. கண் மேக்கப்பும் அப்படித்தான். ஊற விட வேண்டும்.

வரிசை இப்படி: முதலில் கையைக் கழுவுங்கள். ஒட்டிய இமைமுடி இருந்தால் காது குடையும் பட்ஸில் பை-ஃபேஸ் அல்லது ஆயிலைத் தொட்டு, பசைக் கோட்டின் மேல் ஒரு முறை ஓட்டி ஒரு நிமிடம் விடுங்கள். பசை இளகிய பிறகு வெளி ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாக உரியுங்கள். இழுத்தால் சொந்த முடியும் கூடவே வரும். மினுக்குப் பொடியை எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள். ஒரு துகள் விழியில் பட்டால் கீறல் விழும். நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு நன்றாக நனைத்த இரண்டு பஞ்சை மூடிய இரண்டு கண்ணிலும் வைத்து, மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். முப்பதென்றால் முப்பது, பத்தில் அவசரப்படக் கூடாது. அப்புறம் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பஞ்சை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு தடவை. இமைமுடியின் அடியில் மிச்சம் இருக்கும் மையை மட்டும் பட்ஸால். மொத்தம் ஆறேழு நிமிடம் ஆகும். வேகமாகத் தேய்ப்பவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது, பார்த்திருக்கிறேன்.

கலைத்த பிறகு கழுவ வேண்டுமா? பாட்டிலில் 'கழுவத் தேவையில்லை' என்று போட்டிருக்கிறது.

கழுவுங்கள். மைசெல்லரில் இருப்பதும் ஒருவகை சோப்புதானே, இமையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க என்ன அவசியம்? உங்கள் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்கிற தண்ணீரில் நனைத்த பஞ்சால் இரண்டு தடவை ஒற்றி எடுத்தால் போதும்.

அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறாள். போதாதா?

அம்மா சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் மஸ்காராவை இளக்கும், சந்தேகமே இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு. கிளென்சிங் ஆயிலில் தண்ணீரோடு சேர்ந்து கழன்றுபோக ஒரு பொருள் கலந்திருப்பார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது இல்லை. அதனால் இமையிலேயே தங்கிவிடும். கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் பார்வை புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கும். சிலருக்கு இமையில் சின்னச் சின்ன வெள்ளைப் பரு கிளம்பும்.

இமை விளிம்பில் எண்ணெய் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன, மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழே 20 முதல் 30 வரை. கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் போடுவது அவைதான். அதன் வாயை வெளி எண்ணெயாலும் மையாலும் அடைத்தால் கண் வறண்டு உறுத்தும். நாள் முழுக்க ஏசியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, இமைக்கவே மறக்கிற ஐடி பெண்களுக்கு ஏற்கெனவே அந்தத் தொந்தரவு இருக்கிறது. ஆகவே வீட்டில் வேறு எதுவும் இல்லாத அன்றைக்குத் தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறகு ஈரப் பஞ்சால் நன்றாகத் துடைத்து. தினமும் வேண்டாம்.

வாஸ்லின்?

எண்ணெயைவிட மேல். வழியாது, வாசனை இல்லை, அலர்ஜி வருவது அபூர்வம், விலையும் சொற்பம். பிசுபிசுப்பைத் துடைக்கத்தான் பொறுமை வேண்டும்.

பேபி ஷாம்பூ கண்ணில் எரியாதே, அதை உபயோகிக்கலாமா?

எரியாதது என்பதும் கண்ணுக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல. அது தலைமுடியின் எண்ணெயை எடுக்கச் செய்தது. கண்ணீரின் எண்ணெயையும் அதே மாதிரி எடுத்துவிடும். முன்பெல்லாம் நானே சிபாரிசு செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள்?

போடும்போது லென்ஸ் முதலில், மேக்கப் அப்புறம். கலைக்கும்போது கையைக் கழுவி, முதலில் லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ரிமூவர் பாட்டிலையே தொட வேண்டும். எண்ணெய் லென்ஸில் படிந்தால் எளிதில் போகாது, மங்கலாகவே தெரியும். எண்ணெய் இல்லாத ரிமூவரில் போய்விடுகிற மஸ்காராவாக வாங்குவது இவர்களுக்கு உத்தமம். ஸ்டேஜில் கலர் லென்ஸ் போட்டு ஆடுகிற பிள்ளைகளும் இதில் சேர்த்தி.

அரங்கேற்றத்துக்குப் போட்ட மேக்கப் போகவே மாட்டேன் என்கிறது. குழந்தைக்கு 11 வயதுதான்.

பரதநாட்டிய மேக்கப் கல்யாண மேக்கப்பைவிட அழுத்தம். சௌடையா ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் அசைவு தெரிய வேண்டுமே. அதனால் பான்கேக் என்கிற கெட்டியான முகப்பூச்சும், நெற்றிப்பொட்டு வரை இழுத்த மையும், எழுதிய புருவமும். இரண்டரை மணி நேர வியர்வையில் அது தோலோடு தோலாகியிருக்கும். பான்கேக் தண்ணீரில் போய்விடும், மை போகாது. ஆகவே கண்ணை முதலில் பாம் அல்லது ஆயிலால் கலையுங்கள், முகத்தை அப்புறம் கழுவுங்கள். தலைகீழாகச் செய்தால் தண்ணீரில் இளகிய பான்கேக்கோடு மை கலந்து முகமே கரிச்சட்டி ஆகிவிடும்.

ஹாலின் பின்கட்டில், அத்தை பாட்டி எல்லோரும் போட்டோவுக்கு அவசரப்படுத்தும்போது, சீக்கிரம் சீக்கிரம் என்று குழந்தையின் முகத்தைத் தேய்க்கிற அம்மாக்களைப் பார்க்கிறேன். பிள்ளை வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லாது, ஆசிரியை பக்கத்தில் நிற்பார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வைத்து, படுக்க வைத்துக் கலையுங்கள். படுத்திருந்தால் கண்ணுக்குள் வழியாது. வாசனை சேர்க்காத பொருளாக இருக்கட்டும், நாட்டிய வகுப்பு ஆண்டுவிழாவுக்கு முன்பே ஒரு தடவை கையில் தடவிப் பார்த்திருங்கள்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கம் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 'ஹைப்போஅலர்ஜெனிக்', 'ஜென்டில்' என்பதெல்லாம் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். பின்பக்கம் திருப்புங்கள். பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ் என்று இருந்தால் கண்ணுக்கு வேண்டாம். லாவெண்டர், சிட்ரஸ் எண்ணெய் என்று 'இயற்கை' பெயரில் வந்தாலும் அதுவும் வாசனைதான். ஆல்கஹால் டினாட் முதல் ஐந்து பெயருக்குள் இருந்தால் எரியும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒரு பதப்படுத்தி (பாட்டிலில் இருப்பது கெடாமல் இருக்கச் சேர்ப்பது), அலர்ஜி கிளப்புவதில் பேர் பெற்றது. 2017 முதல் ஐரோப்பாவில் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதற்குத் தடை. டிஎம்டிஎம் ஹைடான்டாயின், க்வாட்டர்னியம்-15 இரண்டும் ஃபார்மால்டிஹைடை மெல்ல விடும் பதப்படுத்திகள், இமை அரிக்கிறவர்கள் தவிர்க்கலாம்.

வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இங்கே அதற்குப் பொறுப்பானவரின் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும், 2020 அழகுப் பொருள் விதிகளின்படி. சிக்பேட்டையிலும் சிவாஜிநகரிலும் பாதி விலைக்குக் கிடைக்கிற 'அதே பாட்டில்' பலவற்றில் அது இருக்காது. துணி, வளையல் எல்லாம் நான் அங்கேதான் வாங்குகிறேன். கண்ணுக்குப் போடுவதை மட்டும் வாங்க மாட்டேன்.

மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று எண் இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம்தான். எந்த ரிமூவரையும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தினமும் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணுக்குக் கொண்டுபோங்கள்.

லாஷ் எக்ஸ்டென்ஷன் (பார்லரில் ஒட்டிவிடும் செயற்கை இமைமுடி) வைத்திருக்கிறேன்.

எண்ணெய் பக்கமே போகாதீர்கள், பசை இளகும் என்பார்கள். எண்ணெய் இல்லாத மைசெல்லர், பஞ்சு வேண்டாம் (நார் மாட்டிக்கொள்ளும்), நாரில்லாத பட்ஸ். வைத்துவிட்ட பார்லரிலேயே அவர்கள் பசைக்கு எது ஆகும் என்று கேளுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாத வேலை.

வீட்டில் செய்த கண் மை பாதுகாப்பானதா? அது சுலபமாகப் போய்விடுமே.

சுலபமாகப் போகும், உண்மை. பாட்டி விளக்கெண்ணெய் விளக்கில் புகை பிடித்துச் செய்த மையில் படலம் போடும் பாலிமர் எதுவும் கிடையாது, ஈரப் பஞ்சே போதும். ஆனால் அது கரிப்புகை, செய்த பாத்திரமும் விரலும் சுத்தமா என்பது யாருக்கும் தெரியாது. பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் இழுக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை நான் கேட்கிறேன். திருஷ்டிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு போதும். கடைத்தெருவில் பொடியாக விற்கும் சுர்மா வேறு சங்கதி. அதில் பலவற்றில் ஈயம் இருக்கிறது. அதைக் கலைப்பது எப்படி என்று கேட்காதீர்கள், போடாதீர்கள்.

ஒரு நாள் கலைக்காமல் தூங்கினால் என்ன ஆகிவிடும்?

ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, காலையில் தலையணை உறை கறுப்பாகும். ஒரு நாள் என்பது வழக்கமாகும்போதுதான் வம்பு. ஆஸ்திரேலியாவில் 50 வயதுப் பெண் ஒருவர் 25 வருடமாக மஸ்காராவைச் சரியாகக் கலைக்காமல் தூங்கியிருக்கிறார். மேல் இமையின் உள்பக்கம் கறுப்புக் கறுப்பாகக் கல் மாதிரி உருண்டைகள் படிந்து, அறுவைசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். 2018-இல் கண் மருத்துவ இதழில் அந்தப் படம் வந்தது. கலைக்கச் சோம்பல்படுகிற பெண்களுக்கு அதைத்தான் காட்டுவேன், அப்புறம் பேச்சே இருக்காது.

காரில், பிஜி ஹாஸ்டலில் இருக்கும்போது வைப்ஸ் வசதியாக இருக்கிறதே?

முகத்துக்குச் சரி. கண்ணுக்கு, மேலே சொன்ன முகூர்த்தக் கதையைப் படியுங்கள். வைப்ஸை வைத்து ஊற விட முடியாது, சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் கை தானாகத் தேய்க்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கண் சிவக்கிறது.

முதலில் மஸ்காராவை எப்போது திறந்தீர்கள் என்று பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ரிமூவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம், கிருமி மஸ்காரா குச்சியில் இருக்கும். கட்டி வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கி ஒரு மணி நேரத்தில் சரியாகாவிட்டாலோ எனக்குப் போன் பண்ணாதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள். செலவுக்குப் பயந்தால் அரசாங்க மின்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1896 முதல் இந்த ஊரின் கண்ணைப் பார்க்கிற இடம்.

கடைசியாக, எந்த பிராண்ட் வாங்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா.

சொல்ல மாட்டேன். என் தோலுக்கு ஒத்தது உங்களுக்கு எரியும். ஆறு மாதத்தில் அதே பாட்டிலில் உள்ளே இருப்பதையும் மாற்றிவிடுகிறார்கள். என் பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன்: வாசனை இல்லாத பை-ஃபேஸ் ஒன்று, எண்ணெய் இல்லாத மைசெல்லர் ஒன்று, சின்ன வாஸ்லின் டப்பா, பட்ஸ், ஒரு பாட்டில் குடிதண்ணீர். கடைசித் துடைப்புக்கு அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி மடித்து வைத்திருக்கிறேன். இருபது வருடம் துவைத்த துணி, எந்தப் பஞ்சும் அவ்வளவு மெத்தென்று இருப்பதில்லை.